வெந்த ரப்பரும் ஒளிக்கு வளையும் படலமும்

2008இல் ஜப்பானிலிருந்து ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை வந்தது. அதன் தலைப்பே கேள்வி: ஒளி பட்டு ஒரு பாலிமர் படலம் வளைய வேண்டுமானால் வேதிக் குறுக்குப் பிணைப்பு கட்டாயம் இருக்க வேண்டுமா? கேட்டவர்கள் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் தொமிகி இகெடாவும் அவருடைய குழுவினரும். வேண்டியதில்லை என்று செய்தும் காட்டினார்கள். ஹைட்ரஜன் பிணைப்புகளை மட்டுமே கொண்டு கோத்த படலம், ஒளி பட்டதும் வளைந்தது.

வேதியியல் படித்தவர்களில் பலர்கூட இதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள். என்னால் திருப்ப முடியவில்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் மோல்டிங் பட்டறை நடத்துகிறவள் நான். ஆயில் சீல், புஷ், ஓ-ரிங், பம்புக்குப் போகும் டயஃப்ரம் என்று எங்கள் பிரஸ்ஸிலிருந்து எது வெளியே வந்தாலும், குறுக்குப் பிணைப்பு விழுந்த பிறகுதான் அது பொருள். அதுவரை வெறும் மாவு. அந்தப் பிணைப்பு இல்லாமலும் ஒரு மீள்தன்மையுள்ள பொருள் வேலை செய்யும் என்று ஒருவர் சொன்னால், முதலில் எனக்குச் சந்தேகம்தான் வரும். அந்தச் சந்தேகத்தோடு இந்தத் துறையைப் படிக்கத் தொடங்கினேன். இப்போது எனக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. அரசுப் பணத்தில் புதிய பொருள்களை உருவாக்கும் ஆய்வகங்கள், அந்தப் பொருளை எப்படி ஒட்டுகிறோம் என்பதோடு எப்படிப் பிரிப்போம் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். ஏன் என்பதை என் தொழிலிலிருந்து தொடங்குகிறேன்.

பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும், இழுத்துப் பிடித்தால் அப்படியே நீண்டு போய்விடும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கிய பிறகுதான் ரப்பர் என்று நாம் இன்று சொல்லும் பொருள் பிறந்தது. 1844இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். நூறு பங்கு ரப்பருக்கு ஒன்றரை, இரண்டு பங்கு கந்தகம்; 150 டிகிரி சுற்றி வெப்பம்; சில நிமிடம் அழுத்தம். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் பாலம் போட்டுக் கட்டிவிடும்; இதுதான் குறுக்குப் பிணைப்பு. இழுத்தால் திரும்பி வரும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அதை உருக்க முடியாது. மறுபடி சூடாக்கினால் கருகும், உருகாது. எங்கள் பட்டறையில் இதை "வெந்துடுச்சு" என்பார்கள். வெந்தது வெந்ததுதான்.

மோல்டின் விளிம்பில் பிதுங்கி நிற்கும் மெல்லிய ஃபிளாஷை டிரிம்மிங் செய்யும் பெண்கள் கத்தரித்துக் கோணியில் போடுவார்கள். அளவு தப்பிய பீஸ், காற்றுக்குமிழ் விழுந்த பீஸ் எல்லாம் அதே கோணிக்குத்தான். அன்று காலையில் கிலோ இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கிய காம்பவுண்ட், மாலையில் பழைய இரும்புக்காரர் பேரம் பேசும் சரக்காகிவிடும். சின்னப் பட்டறைக்கே இந்தக் கதை என்றால் டயர் தொழிலை நினைத்துப் பாருங்கள். 2022 ஜூலையில்தான் மத்திய அரசு கழிவு டயர்களுக்கு உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. ரீக்ளெய்ம் ரப்பர், பொடித்த ரப்பர், தார்ச்சாலைக்குக் கலக்கும் பொடி, மீட்ட கார்பன் பிளாக், பைராலிசிஸ் எண்ணெய் என்று வழிகளை அது ஏற்கிறது. எல்லாமே நல்லதுதான். ஆனால் இவற்றில் எதுவும் பச்சை ரப்பரைத் திருப்பித் தராது. ரீக்ளெய்ம் செய்யும்போது கந்தகப் பாலத்தோடு ரப்பர்ச் சங்கிலியும் சேர்ந்தே அறுந்துபோகிறது. அதனால்தான் புதுக் காம்பவுண்டில் அதைக் கொஞ்சமாகக் கலக்கிறோம். காப்புரிமைக்கும் விதிக்கும் இடையே 178 ஆண்டுகள்.

இனி அந்தப் படலத்துக்கு வருகிறேன். அதில் இரண்டு பழைய கண்டுபிடிப்புகள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது திரவப் படிகம். 1888இல் பிராகில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலெஸ்டெரில் பென்சோயேட் என்ற பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகுவதைப் பார்த்தார். 145.5 டிகிரியில் கலங்கலாக உருகியது, 178.5 டிகிரியில் தெளிந்தது. இடைப்பட்ட கலங்கல்தான் திரவப் படிகம். திரவம்போல் ஓடும், ஆனால் உள்ளே குச்சி வடிவ மூலக்கூறுகள் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்து நிற்கும். தொலைக்காட்சித் திரையிலும் கால்குலேட்டரிலும் இருப்பது இதன் வாரிசுகள். இந்தக் குச்சிகளை பாலிமர்ச் சங்கிலியில் கோத்து, லேசாகக் குறுக்குப் பின்னலிட்டால் விசித்திரமான ஒரு ரப்பர் கிடைக்கும். அதைச் சூடாக்கினால் குச்சிகள் வரிசை கலையும். ரப்பர் அந்தத் திசையில் சுருங்கும். ஆறினால் நீளும். இப்படி நடக்கும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர்-ஜீல் த ஜென் 1970களிலேயே யோசித்திருந்தார் (1991இல் நோபல் வாங்கியவர்). செய்து காட்டியதில் பெரும்பங்கு ஜெர்மனியின் ஹைனோ ஃபிங்கல்மானுடையது.

இரண்டாவது அசோபென்சீன். இரண்டு பென்சீன் வளையங்களை இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இணைக்கின்றன. சாதாரணமாக இது நேரான குச்சி. புற ஊதா ஒளி, அதாவது 365 நானோமீட்டர் பக்கத்தில், பட்டால் நடுவில் மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிடும். நுனிக்கு நுனி 0.9 நானோமீட்டராக இருந்தது 0.55 ஆகக் குறையும். நீல ஒளி பட்டாலோ சற்றுச் சூடானாலோ மீண்டும் நிமிரும். இந்த மடக்கத்தை 1937இல் ஹார்ட்லி என்பவர் கண்டறிந்தார். அதுவரை நூறாண்டுகள் இந்தப் பொருளை வெறும் ஆரஞ்சு நிறச் சரக்காக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குச்சிகள் வரிசையாக நிற்கும் ரப்பரில் சில குச்சிகளை மடக்கினால் பக்கத்துக் குச்சிகளின் வரிசையும் கெடும். 2001இல் ஃபிங்கல்மானும் கேம்பிரிட்ஜின் மார்க் வார்னரும் சக ஆய்வாளர்களும் இப்படி ஒளியால் மட்டுமே ஒரு திரவப் படிக ரப்பரை 20 சதவீதம் வரை சுருங்கவைத்தார்கள். 2003இல் இகெடாவின் குழு இன்னும் நயமாக ஒன்று செய்தது. மெல்லிய படலம் ஒன்றின் மேல், ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார்கள். அந்த அதிர்வுத் திசையை எப்படித் திருப்பினார்களோ, படலம் அந்தத் திசையில் வளைந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் காட்டியதும் நிமிர்ந்தது. கம்பி இல்லை, பேட்டரி இல்லை, மோட்டார் இல்லை.

வளைவதற்குக் காரணம் மேல்தோல். அசோபென்சீன் புற ஊதா ஒளியை அவ்வளவு பேராசையோடு விழுங்கும். ஒளி ஒரு மைக்ரான் ஆழம் போவதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே மேல்தோல் மட்டும் சுருங்குகிறது, அடிப்பக்கம் அப்படியே இருக்கிறது. மொட்டைமாடியில் துணிமேல் பிழிந்த வடாம் மேல்பக்கம் முதலில் காய்ந்து விளிம்பைத் தூக்கிக்கொள்ளுமே, அதே கணக்கு. வித்தியாசம், வடாம் திரும்பி நிமிராது.

இங்கேதான் குறுக்குப் பிணைப்பு வருகிறது. ஒரு மூலக்கூறு மடங்கும்போது பக்கத்துச் சங்கிலி வழுக்கி நகர்ந்துவிட்டால் அந்த அசைவு அங்கேயே வீணாகிவிடும். கோடிக்கணக்கான சிறு அசைவுகள் ஒன்றாகக் கூடி ஒரு படலத்தை வளைக்க வேண்டுமென்றால், எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்க வேண்டும். பச்சை ரப்பருக்கும் வெந்த ரப்பருக்கும் உள்ள வித்தியாசத்தைத் தினமும் கையில் பார்க்கிறவளுக்கு இது சொல்லாமலே புரியும். ஆகவே முதல் தலைமுறைப் படலங்கள் எல்லாம் சகப்பிணைப்பால் இறுகக் கட்டியவை. வளைந்தன, நிமிர்ந்தன, உடைந்தால் குப்பைதான்.

2008 கேள்வியின் எடை இப்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

ஹைட்ரஜன் பிணைப்பு என்பது ஆக்சிஜனும் நைட்ரஜனும்போல எலக்ட்ரானை இழுத்துக்கொள்ளும் இரண்டு அணுக்களுக்கிடையே ஒரு ஹைட்ரஜன் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்வது. கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையிலுள்ள சகப்பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு பெரும்பாலும் 20 முதல் 40 போதும். பள்ளிக்கூடத்தில் இதை "வலுவற்ற பிணைப்பு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தண்ணீர் ஏன் 100 டிகிரியில் கொதிக்கிறது என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடை, அவ்வளவுதான்.

ஆனால் இந்த வலுவின்மையை வைத்துத்தான் தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் பிழைக்கிறார். பருத்தி வேட்டி கசங்குவது, நூலின் செல்லுலோஸ் சங்கிலிகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் தப்பான இடத்தில் விழுந்துவிடுவதால். தண்ணீர் தெளித்ததும் அவை அவிழ்கின்றன. சூடான பெட்டி அழுத்தத்தில் தண்ணீர் ஆவியாகும்போது, துணி எப்படி மடிந்திருக்கிறதோ அப்படியே புதுப் பிணைப்புகள் விழுகின்றன. எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். கந்தகம் போட்ட ரப்பரை இப்படி இஸ்திரி போட முடியுமானால் என் பட்டறையில் கோணி மூட்டையே இருக்காது.

திரவப் படிகத்துக்கு இந்த வித்தையை வேண்டுமென்றே கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்கள் தகாஷி கத்தோவும் ழான் ஃப்ரெஷேயும். 1989இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் செய்தது கேட்க எளிமையாக இருக்கும். ஒரு நுனியில் அமிலத் தொகுதி உள்ள மூலக்கூறு ஒன்று. பிரிடின் வளையம் உள்ள மூலக்கூறு இன்னொன்று. இரண்டும் தனித்தனியே அரைக் குச்சிகள். கலந்து உருக்கினால் அமிலத்தின் ஹைட்ரஜனைப் பிரிடினின் நைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். இரண்டு அரைக் குச்சிகள் சேர்ந்து ஒரு முழுக் குச்சி. தனியே இருந்தபோது இல்லாத, அல்லது சிறிதளவே இருந்த திரவப் படிகத் தன்மை, சேர்ந்ததும் அகன்ற வெப்பநிலை எல்லையில் வந்தது. அதே ஆண்டில் அமிலத் தொகுதியை ஒரு பாலிமர்ச் சங்கிலியில் தொங்கவிட்டும் செய்து பார்த்தார்கள். அதுவும் வேலை செய்தது.

தொழில் செய்கிறவள் கண்ணோடு இதைப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். இங்கே வினை என்று எதுவும் நடக்கவில்லை. வினையூக்கி வேண்டாம், உபவிளைவு இல்லை, கழுவி எடுக்கும் வேலை இல்லை. எடை போட்டுக் கலக்கிச் சூடாக்கினால் தானே அமைந்துகொள்கிறது. ஒரு பாதியை அசோபென்சீன் உள்ளதாக மாற்றினால் ஒளிக்கு அசையும் பொருள். வேறு பாதியை மாட்டினால் வேறு குணம். ஒவ்வொரு குணத்துக்கும் புது மூலக்கூறை முதலிலிருந்து கட்ட வேண்டிய அவசியமில்லை. 1990இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ழான்-மரி லெய்னின் குழு சங்கிலியையே ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்தது. 1997இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில் மெய்யர், சைபெஸ்மா குழுவினர் நுனிக்கு நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் வரும்படி அமைத்துப் பிடிப்பைக் கூட்டினார்கள்.

வலுவற்ற பிணைப்பால் வலுவான பொருள் வருமா என்று கேட்பவர்கள் கெவ்லாரை எண்ணிப் பார்க்கலாம். குண்டு துளைக்காத உடுப்புக்குப் போகும் அந்த இழையின் பக்கத்துச் சங்கிலிகளை ஒன்றாகப் பிடித்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்புகள்தான். அது நூற்கப்படுவதும் திரவப் படிகக் கரைசலிலிருந்துதான். 1960களில் ஸ்டெஃபனி குவோலெக் அதை டூபாண்டில் கண்டுபிடித்தார். திருப்பூர் பனியனில் கலக்கும் லைக்ரா நூலின் இறுக்கமான முடிச்சுகளும் ஹைட்ரஜன் பிணைப்பு முடிச்சுகளே. ஒன்று வலுவற்றது; வரிசையாக லட்சம் நின்றால் வேறு கதை.

என் தொழிலுக்கு மிக நெருக்கமானது, அதே 2008இல் பாரிஸிலிருந்து வந்தது. லுத்விக் லீப்ளரின் குழு, தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பமிலங்களையும் யூரியாவையும் மூலப்பொருளாக வைத்து ஒரு ரப்பரைச் செய்தது. கந்தகம் இல்லை. கத்தியால் வெட்டி, வெட்டிய முகங்களை அறை வெப்பத்திலேயே சேர்த்து வைத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். பிறகு இழுத்தால் பழையபடி நீளும். பிரஸ் ஓட்டும் அண்ணனிடம் இதைச் சொன்னேன். எனக்கு முன்பிருந்தே அந்தப் பட்டறையில் இருப்பவர் அவர்.

"அப்போ ஃபிளாஷை எல்லாம் மறுபடி மோல்டுல போட்டுடலாமாம்மா?"

"போடலாம் அண்ணே."

"அதை இழுத்துக் கட்டி ராத்திரி முழுக்க விட்டா, காலையில பழைய அளவுக்கு வருமா?"

இந்தக் கேள்வியைத்தான் பெரும்பாலான செய்திக் கட்டுரைகள் கேட்பதில்லை. வராது, முழுதாக வராது. தொடர்ந்து சுமை இருந்தால் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, நகர்ந்த இடத்தில் திரும்பப் பூட்டிக்கொள்ளும். நாங்கள் கிரீப் என்று சொல்லும் நோய் இதுதான். எஞ்சின் அருகில் 120 டிகிரியில் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் சீலுக்கு இந்தப் பொருளை நான் ஒருநாளும் சிபாரிசு செய்யமாட்டேன். அங்கே கந்தகமும் பெராக்சைடும்தான் சரி.

ஈரமும் எதிரி. பிரிடின் பக்கம் போக வேண்டிய ஹைட்ரஜனைத் தண்ணீர் வந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் ஐந்தோவனில் டிர்க் புரூர் குழுவினர் இந்தக் குறையையே வேலையாக்கினார்கள். 2005இல் அமிலங்கள் இரண்டிரண்டாகக் கைகோத்திருக்கும் ஒரு திரவப் படிகப் படலத்தைக் காரத்தில் நனைத்துச் சில பிணைப்புகளை உடைத்தார்கள். படலம் காற்றின் ஈரப்பதத்துக்கு வளையத் தொடங்கியது. 2012இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, ஹைட்ரஜன் பிணைப்பால் அமைந்த, அச்சிடக்கூடிய திரவப் படிகப் படலம் வந்தது. ஈரம் ஏற ஏற நிறம் மாறும். மருந்துப் பெட்டியின் மேல் ஒட்டினால், வழியில் நனைந்ததா இல்லையா என்பதைப் பெட்டியைத் திறக்காமல் சொல்லிவிடலாம். போலியோ சொட்டு மருந்துக் குப்பியின் மேலிருக்கும் வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் உண்டு. வெப்பம் பட்டால் கருக்கும். 1996 முதல் அது குழந்தைகளைக் காக்கிறது (அதன் வேதியியல் வேறு). அந்த மாதிரி எளிய, காசு குறைந்த, பார்த்ததும் புரிகிற வேலைகளில்தான் இந்தப் பொருள்களுக்கு முதல் வாழ்வு என்று எனக்குப் படுகிறது.

செயற்கைத் தசை, கம்பியில்லா ரோபோ என்ற பேச்சுகளைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். 2017இல் ஐந்தோவன் குழுவினர், அசையாமல் நிற்கும் விளக்கொளியில் ஒரு படலம் தானாக அலையலையாய் நெளிவதைக் காட்டினார்கள். அற்புதம்தான், நானும் அந்தக் காணொலியை நிறையப் பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனால் அவை தலைமுடி தடிமனுக்குக் கீழான படலங்கள். மேலே அடிப்பது செறிவான விளக்கு. உள்ளே போகும் ஒளி ஆற்றலில் வேலையாக வெளியே வருவது மிகச் சொற்பம். ஜன்னல் திரையைத் தானே மூடும் பட்டை, நுண் குழாயில் துளித்துளியாய்த் திரவம் நகர்த்தும் வால்வு, இவை வரும். லாரி தூக்கும் தசை வராது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று இன்னும் இருக்கிறது. அசோபென்சீன் சாதுவான பொருள் அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்கள் வரிசையில் வைத்திருக்கிறது. அதே அசோ இணைப்பைக் கொண்ட சாயங்களில் சில, உடைந்தால் தீங்கான அமீன்களை வெளிவிடும் என்பதற்காக 1990களில் ஜெர்மனி தடை போட்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் சாயப்பட்டறைக்காரர்களும் அவசர அவசரமாகச் சாயம் மாற்றிய காலம் அங்கே இன்னும் பலருக்கு நினைவிருக்கும். சகப்பிணைப்பால் கட்டிய படலத்தில் அசோபென்சீன் வெளியேறாது, சங்கிலியோடு இருக்கும். ஹைட்ரஜன் பிணைப்பில் மட்டும் தொங்கும் அசோபென்சீன், தப்பான இடத்தில் தப்பான கரைப்பான் பட்டால் கழன்று தண்ணீரோடு போகும். பிரிக்க எளிது என்றால் பிரியவும் எளிது. மறுசுழற்சிக்கு ஏற்றது என்ற ஒரே வார்த்தையை வைத்து எந்தப் பொருளையும் பசுமைப் பட்டியலில் சேர்த்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதற்காக ஹைட்ரஜன் பிணைப்பையே கைவிட வேண்டும் என்பாரும் உண்டு. எங்கள் பட்டறையில் பயிற்சிக்கு வந்து, இப்போது ஐரோப்பாவில் பாலிமர் ஆய்வு செய்யும் ஒரு பெண் இந்தக் கட்சி. "மேடம், இடம் மாற்றிக்கொள்ளும் சகப்பிணைப்பு வந்துவிட்டது. 2014இல் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் திரவப் படிக ரப்பரையே அப்படிச் செய்து, திரும்பத் திரும்ப வார்க்கலாம் என்று காட்டிவிட்டார்கள். கிரீப்பும் குறைவு" என்று எழுதினாள். சரியாகத்தான் சொல்கிறாள். எனக்கு அதில் சண்டை இல்லை. எந்தப் பிணைப்பு என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. அவள் சொல்லும் பொருளுக்கும் என் கேள்வி அதேதான்: எத்தனை டிகிரியில் அவிழும், அவிழும்போது எது வெளியே வரும்?

அவளுடைய அடுத்த வரியில்தான் எனக்குச் சண்டை. "முதலில் நன்றாக வேலை செய்ய வைப்போம் மேடம், பிரிப்பதைத் தொழிற்சாலைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்." இந்த வரிசையைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன். ஒரு பொருளின் பிணைப்பு ஆய்வகத்திலேயே முடிவாகிவிடுகிறது. தொழிற்சாலைக்கு வரும்போது மோல்டு வெட்டியாகிவிடும், பிரஸ் வாங்கியாகிவிடும், வாடிக்கையாளர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டாகிவிடும். காம்பவுண்டில் ஒரு முடுக்கியை மாற்றுவதற்கே எத்தனை ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பிணைப்பின் வகையையே மாற்றுவதை அந்தக் கட்டத்தில் யாரும் பேசக்கூட மாட்டார்கள்.

நம் நாட்டில் இதைச் செய்ய ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குச்சி வடிவ மூலக்கூறுகள் மட்டுமே திரவப் படிகமாகும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஆகும் என்று 1977இல் காட்டியவர்கள் பெங்களூரு ராமன் ஆய்வுக் கழகத்தின் எஸ். சந்திரசேகரும் சக ஆய்வாளர்களும். அதை அவர்கள் வெளியிட்டது இந்தியாவின் 'பிரமாணா' இதழில். அவர் தொடங்கிய திரவப் படிக ஆய்வு மையம் இன்று நானோ, மென்பொருள் அறிவியல் மையமாக அதே ஊரில் இயங்குகிறது. (இங்கே மென்பொருள் என்பது கணினி அல்ல, ரப்பர், ஜெல், திரவப் படிகம் போன்ற மென்மையான பொருள்கள்.) குரோம்பேட்டையில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் எங்கள் பேட்டையில் ஏராளம். படிகம் தெரிந்தவர்கள் பெங்களூரில். வார்க்கவும் உருக்கவும் தெரிந்தவர்கள் இங்கே. இரண்டு கூட்டமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

2023 சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைதான் இன்று பொது ஆய்வுப் பணத்தின் பெரிய வாசல். புதிய பாலிமர் உருவாக்கும் எந்த விண்ணப்பத்திலும் அது ஒரு பக்கம் கூடுதலாகக் கேட்கட்டும். பொருள் எந்த வெப்பத்தில், எந்தக் கரைப்பானில் பிரிகிறது? ஐந்து முறை பிரித்து வார்த்த பிறகு இழுவலிமையில் எவ்வளவு மிஞ்சுகிறது? பிரியும்போதும் சாதாரணத் தண்ணீரில் ஊறும்போதும் என்ன கசிகிறது, எவ்வளவு? பிரிக்க முடியாத பொருளுக்குப் பணம் தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. விமான டயருக்கும் இதய வால்வுக்கும் அவிழாத பிணைப்பு வேண்டும். அங்கே "பிரியாது, பிரியவும் கூடாது, காரணம் இது" என்று எழுதினால் போதும். எழுதியே ஆக வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

இந்தப் பக்கத்தை நிரப்பப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ரியோமீட்டர், இழுவிசை அளக்கும் இயந்திரம், சூட்டடுப்பு, ஈரப்பத அறை. நான்கும் அம்பத்தூரில் எந்த நடுத்தர ரப்பர் பட்டறையிலும் இருக்கின்றன. கசிவை அளக்கும் குரோமட்டோகிராஃபி வசதி பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் உண்டு. ஒளிக்கு வளையும் படலத்தோடு எந்த ஆய்வு மாணவராவது வந்தால், அதை உருக்கி, வார்த்து, மறுபடி உருக்கிப் பார்க்க எங்கள் பட்டறையின் சின்ன பிரஸ் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது.